எடப்பாடி எக்கோ பெட்டி

1. புதன்கிழமை வந்த அழைப்பு

சென்ற மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை நாமக்கல்லிலிருந்து தங்கவேலு தொலைபேசியில் அழைத்தார். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வட்டார மைக்செட் உரிமையாளர் சங்கத்தின் தலைவரும் அவரே. வழக்கமாக முதலில் என் உடல்நலத்தை விசாரிப்பார். அன்று விசாரிக்கவில்லை.

“சார், எடப்பாடி நல்லமுத்து எக்கோ பெட்டி செத்துப்போச்சுங்க. கும்மி அரங்கேத்தம் நடுவுல. பொம்பளைங்க வட்டம் கட்டி ஆடிட்டு இருக்கறப்ப கொர்ருன்னு ஒரே சத்தம். அப்பறம் வாத்தியார் கொரல் மொட்டையாப் போயிருச்சு. அடவு தப்பிப்போச்சுன்னு ஊருக்காரங்க மைக்செட்டுக்காரனைப் புடிச்சுக்கிட்டாங்க.”

“கடைசியாக யார் சர்வீஸ் செய்தது?”

“நம்ம சுகந்திதானுங்க. நாலு நாளைக்கு முன்னாடிதான் அந்தம்மிணி கையில இருந்து வந்துச்சு. ஸ்பிரிட்டை ஊத்திக் கழுவி உட்டுப்போட்டுதாம். ஞாயித்துக்கிழமை சங்கத்துல பேசறோம். இனிமேல் மெம்பருங்க ஆரும் அதுகிட்ட சாமானம் குடுக்கறதில்லைன்னு தீர்மானம் போடோணும்னு பாதிப்பேரு நிக்கறாங்க. நீங்க பெட்டியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதுங்க. உங்க வார்த்தைக்கு மேல ஆரு பேசறது?”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மகிழ்ச்சி அளித்தது. இயற்பியலில் பட்டம் பெற்று, சேலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிக்கருவிகளைப் பழுது பார்த்தவன் நான். கடையை மூடிவிட்டுக் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் இருக்கும் இந்நாளிலும் வாக்குவாதம் என்றால் என்னிடம்தான் வருகிறார்கள்.

சுகந்தியை நான் ஒருமுறைதான் சந்தித்திருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்தவர். நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளின் கன்ட்ரோல் பேனல்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எர்த்திங் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது இடையில் எழுந்து, “அந்த முறையை இப்ப யாரும் செய்யறதில்லைங்க சார்” என்று திருத்தினார். திருத்தம் சரியானதுதான். எழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

2. பெட்டி வந்தது

மறுநாள் முற்பகலில் நல்லமுத்து டெம்போவில் பெட்டியைக் கொண்டுவந்தார். எடப்பாடியில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். தந்தை விட்டுச்சென்ற மைக்செட்டையும் விடாமல் நடத்துகிறார். பெட்டியை மேசைமேல் வைத்தவுடன் அவரே பிளக்கைச் செருகினார்.

“பாருங்க சார், போட்டாப் பொணமாட்டம் இருக்குது” என்று ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

பெட்டியின் பின்புறம், ஸ்பிரிங்குகள் இருக்கும் டேங்க் என்ற தட்டிலிருந்து வரும் இரண்டு கேபிள்களும் கழன்று தொங்கிக்கொண்டிருந்தன.

“கைய எடுங்க!”

வாழ்நாளில் நான் ஒரு வாடிக்கையாளரை அவ்வளவு உரக்க அதட்டியதில்லை. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

“ஏனுங்க சார், ஷாக் அடிக்குமுங்களா?”

“உங்களுக்கு அடிக்காது. பெட்டிக்கு அடிக்கும்.”

இளம் தொழில்நுட்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இது வால்வு பெட்டி. டேங்கை ஓட்டும் வால்வுக்கும் டேங்கின் காயிலுக்கும் இடையே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மறுபுறம் சுமை இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அதன் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி உள்ளேயே பொறி பறந்துவிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்று எங்கும் கிடைப்பதில்லை. டேங்கை இணைத்தபின்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

இது வெளிநாட்டுத் தயாரிப்பு. ஏற்காட்டில் ஒரு கிளப்பின் இசைக்குழுவிடம் இருந்தது. குழு கலைந்தபின் நல்லமுத்துவின் தந்தை வாங்கிக் கீழே கொண்டுவந்தார். மூன்று வால்வு, மூன்று குமிழ், 110 வோல்ட்டுக்கு இறக்க ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அடியில் ஒரு முழ நீளத்தில் தகரத்தட்டு. அதைத்தான் டேங்க் என்கிறோம். தட்டுக்குள் ஓர் அலுமினியச் சட்டம் நான்கு மூலைகளிலும் சிறு ஸ்பிரிங்குகளால் தொட்டிலைப் போல் தொங்குகிறது. அந்தச் சட்டத்தில்தான் ஒலி செல்லும் இரண்டு நீண்ட ஸ்பிரிங்குகள் பூட்டப்பட்டுள்ளன.

நம் தொழிலில் எல்லாவற்றுக்கும் எக்கோ என்றே பெயர். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் சற்று நேரம் கழித்து அதே குரல் திரும்புவது எதிரொலி. கல்மண்டபத்தில் கைதட்டினால் ஓசை சட்டென்று அறுபடாமல் இழைந்து தேய்கிறதே, அது முழக்கம், ரிவெர்ப். இந்தப் பெட்டி தருவது இரண்டாவது. பாடகரின் குரல் மின்சாரமாக முதல் காயிலுக்கு வருகிறது. ஸ்பிரிங்கின் முனையில் உளுந்து அளவே உள்ள ஒரு காந்தம் அங்கே திருகிக்கொள்கிறது. ஈர வேட்டியைப் பிழியும்போது ஒரு முனையில் கொடுத்த முறுக்கு மறுமுனைக்குப் போவதைப் போல் அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே ஓடி, மறுமுனைக் காந்தத்தைத் திருப்பி, இரண்டாவது காயிலில் மிக மெல்லிய மின்சாரமாகிறது. முறுக்கு அங்கேயே நின்றுவிடாமல் முனைக்கு முனை மோதித் திரும்பிக்கொண்டே இருப்பதால் குரலுக்கு ஒரு வால் கிடைக்கிறது. சட்டம் எதையும் தொடாமல் தொங்கினால்தான் இவ்வளவும் நடக்கும்.

நல்லமுத்து டேங்க்கின் மூடியைத் திறந்து காட்டினார்.

“இதுக்கு உள்ளார வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வெக்கறமுங்க. ரெண்டு முனைக்கும். மொதப் பொட்டு இதுக்குத்தான், அப்பறந்தான் ஆம்ப்ளிஃபயருக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம். அதைப் போயி அந்தம்மிணி ஸ்பிரிட் போட்டுக் கழுவிப்போட்டுது. விளங்குமுங்களா?”

“உள்ளேயா? யார் சொல்லி வைத்தீர்கள்?”

“நீங்கதானுங்க.”

நான் அவரைப் பார்த்தேன்.

“நீங்க இதை ரிப்பேர் பண்ணிக் குடுத்தன்னைக்கு எங்கப்பன்கிட்ட சொன்னீங்களாமா, ‘இந்த ஸ்பிரிங்தான் இந்தப் பெட்டிக்கு உயிர், இதை நல்லாப் பாத்துக்குங்க’ன்னு. எங்கப்பன் சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க. அப்படிப் பாத்துக்கிட்ட சாமானமுங்க இது.”

இந்தப் பெட்டி ஒருமுறை என் கைக்கு வந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் இருக்கும். அவர் சென்றபின் அடிப்பலகையைக் கழற்றினேன். உள்ளே, பழுத்த காகிதத்தில், என் கையொப்பமிட்ட லேபிள் ஒட்டியிருந்தது. என் கடையிலிருந்து லேபிள் இல்லாமல் எந்தக் கருவியும் வெளியே சென்றதில்லை.

3. மீட்டர் காட்டியது

வெள்ளிக்கிழமை காலை டேங்க்கைச் சோதித்தேன். உள்ளே வரும் காயில் ஓர் ஓமுக்கும் குறைவு; சரி. வெளியே செல்லும் காயிலின் சாக்கெட்டில் மீட்டர் ஓப்பன் காட்டியது. இணைப்பு அறுந்திருக்கிறது. கொர்ரென்ற ஓசைக்கும் மொட்டைக் குரலுக்கும் அதுவே காரணம்.

எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி. ஸ்பிரிட் பட்டால் சில பழைய காயில்களில் கம்பியின் எனாமல் பூச்சு இளகும். சுற்றோடு சுற்று ஒட்டிக் காயில் கெடும். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு காயிலின் முனையில் நேரடியாக மீட்டரைத் தொட்டேன். இருநூறு ஓமுக்குச் சற்று மேல். காயில் நலமாக இருந்தது. ஸ்பிரிட் அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. சுகந்தி துடைத்திருந்த விதத்தில் குறை சொல்ல எனக்கு இடமே இல்லை. காந்த இடுக்கில் ஒரு துகள் சந்தனம் கிடையாது.

அறுந்தது காயிலிலிருந்து சாக்கெட்டுக்குச் செல்லும் கம்பி. காயில் தொங்கும் சட்டத்தில் இருக்கிறது. சாக்கெட் அசையாத தட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே செல்லும் கம்பிக்குத் தளர்வு வேண்டும். சட்டம் ஆடும்போது கம்பியும் ஆட வேண்டும். உள்ளே வரும் பக்கத்தில் தொழிற்சாலையில் விட்ட அழகான வளையம் அப்படியே இருந்தது. வெளியே செல்லும் பக்கத்தில் வளையமே இல்லை. தலைமுடியினும் மெல்லிய காயில் கம்பியையே நேராக இழுத்து, வீணைத் தந்தியைப் போல் விறைப்பாகச் சாக்கெட்டில் பற்றவைத்திருந்தார்கள். அடியில் மெழுகு நூலால் இரட்டைச் சுற்று, அதன்மேல் ஒரு சதுர முடிச்சு.

அந்த முடிச்சைச் சேலத்தில் போட்டவன் நான் ஒருவனே.

என் வேலைக் குறிப்பேடுகள் அனைத்தும் அலமாரியில் வரிசையாக உள்ளன. அதற்குரியதைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆயுத பூஜை வாரம். ஒரே நாளில் பதினொரு வேலை முடித்திருக்கிறேன். இந்தப் பெட்டிக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: “அவுட்புட் காயில் முனைக் கம்பி அறுந்துள்ளது. கம்பி நீளம் போதவில்லை. நேராக இழுத்துப் பற்றவைத்தது. அடுத்த முறை ஒரு சுற்று பிரித்துத் தளர்வு விடவும்.”

அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை. பெட்டி என்னிடமிருந்து நேராகப் பூஜைக்குச் சென்றது. சட்டத்துக்கும் தட்டுக்கும் இடையே உள்ள மூலையில் அவர்கள் வைத்த சந்தனம் காய்ந்து அப்போதே சட்டத்தைச் சற்றுப் பிடித்துக்கொண்டது. ஆண்டுதோறும் அதன்மேல் இன்னொரு பூச்சு. சில ஆண்டுகளில் அந்த மூலை சிமென்ட் பூசியது போல் இறுகிச் சட்டத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. முழக்கம் மெல்ல மெல்ல மங்கியது. ஆனால் என் விறைத்த கம்பியும் இழுபடாமல் தப்பியது. சுகந்தி செய்ய வேண்டியதைச் செய்தார். சந்தனத்தை நீக்கிச் சட்டத்தை விடுவித்தார். அவர் மேசையில் பெட்டி நன்றாகப் பாடியிருக்கும். எடப்பாடிச் சாலையில் டெம்போ குலுங்கியபோது சட்டம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக ஆடியது. கம்பி நைந்தது, கும்மியின் நடுவே அறுந்தது.

பற்றவைக்கும் கோல் அருகிலேயே சூடாக இருந்தது. அரை மணி நேரம் போதும்: கம்பியை மாற்றலாம், நூலை அறுத்தெறியலாம். அதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை “ஸ்பிரிட்டினால் எனாமல் இளகியிருக்கலாம்” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது முழுப்பொய்கூட அன்று. இளகியிருக்கலாம்தான். கோலின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து வெகுநேரம் ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. சுகந்தி வந்தார்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஸ்கூட்டரில் வந்தார். அழைக்கப்படாமல் வந்தவரை நான் அமரச் சொல்லவும் மறந்தேன்.

“எதற்கு வந்தீர்கள்?”

“டேங்க்கைத் திறக்கறப்ப நானும் பக்கத்துல இருக்கோணுமுங்க சார். அதுக்குத்தான்.”

“திறந்து பார்த்தாயிற்று.”

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. “அப்ப முடிவும் பண்ணிட்டீங்களா?”

“நாளை சங்கத்தில் சொல்வேன்.”

“சார், என்ற கடைக்குப் பாதி வேலை மைக்செட்டுக்காரங்க குடுக்கறதுதானுங்க. கோழிப்பண்ணை வேலை சீசனுக்குத்தான். அவிங்க நின்னுட்டா நான் ஷட்டரை இழுத்துப்போட்டு எங்காவது கம்பெனி வேலைக்குத்தான் போகோணும். அதை உங்ககிட்ட அழுகறதுக்கு வரலீங்க. தப்பு என்றதுன்னா சொல்லுங்க, ஏத்துக்கறேன். என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சுத்தம் செய்யும் முன் எடுத்தது. சந்தனப் பாளம், அதன் ஓரத்தில் விறைத்த கம்பி, மெழுகு நூல்.

“ஒயரு டைட்டா இருந்ததைப் பாத்தனுங்க. வளையம் விட்டு மாத்தலாம்னுதான் நெனச்சேன். அந்த முடிச்சைப் பாத்துட்டு உட்டுட்டேன். அவ்வளவு சுத்தமான கைவேலை. தெரிஞ்ச ஆளு ஏதோ காரணத்தோடதான் இப்படி இழுத்துக் கட்டியிருப்பாருன்னு நெனச்சேன்.”

அடிப்பலகைக்குள் இருக்கும் லேபிளை அவர் பார்த்திருப்பாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்வை என் முகத்தில் இருந்தது. “நாளைக்குப் பத்து மணிக்குச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். ஸ்கூட்டர் சென்றபின்தான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது உறைத்தது.

5. பட்டறையில் கூட்டம்

சங்கத்துக்குக் கட்டடம் இல்லை. தங்கவேலுவின் பட்டறையில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஒரு லாரியின் பின்கதவு அவசரம் என்று இருவர் தகடு தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். சுகந்தி கடைசி நாற்காலியில் தனியாக அமர்ந்திருந்தார்.

நான் ஒரு முடிவோடு சென்றிருந்தேன். பழுது என்னுடையது என்று சொல்வேன். குறிப்பேட்டைப் பையில் எடுத்துச் சென்றேனே தவிர, அதைக் காட்டுவதாக இல்லை. அவசர வேலையில் நேர்ந்த கவனக்குறைவு என்றால் எவருக்கும் நேரக்கூடியது. தெரிந்தே விட்டேன் என்பது வேறு.

டேங்க்கைத் திறந்து வைத்து, காயில் நலமாக இருப்பதை மீட்டரில் காட்டினேன். தளர்வில்லாத கம்பியைக் காட்டினேன். “இது பழைய பழுது. சுத்தம் செய்தவர் மீது குற்றம் இல்லை” என்றேன்.

“அப்ப இப்படிக் கட்டுனது ஆருங்க சார்?” என்றார் தங்கவேலு.

“நான்.”

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். ராசிபுரத்துக்காரர்; என்னிடம் இருபது ஆண்டு வேலை கொடுத்தவர்.

“உங்க கையில தப்பு வந்துச்சுன்னா சூரியன் மேக்கால மொளைக்கோணுங்க சார்.”

“அதானுங்க” என்றார் நல்லமுத்து. “சாருக்குப் பெரிய மனசுங்க. பொம்பளப்புள்ள பொழப்பு கெட்டுப்போகக் கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கறாரு.”

நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர்கள் என்னை மேலும் மதிப்போடு பார்த்தார்கள். நாற்பது ஆண்டுகள் காத்துவந்த பெயர் அன்று என் பேச்சையே காதில் விழவிடாமல் செய்தது.

தங்கவேலு பேனாவை எடுத்தார். “சரிங்க, தடை வேண்டாம். ‘சார் கேட்டுக்கிட்டதால இந்த ஒருவாட்டி மன்னிச்சு உடறோம்’னு எழுதிக்கலாம். என்ன சொல்றீங்க?”

சுகந்தி எழுந்தார்.

“மன்னிக்கறதுக்கு நான் என்னங்க பண்ணேன்?”

“அம்மிணி, அதான் உட்டாச்சல்லோ. உக்காரு” என்றார் நல்லமுத்து.

“உக்காரமாட்டனுங்க. மன்னிச்சு உட்டேன்னு எழுதறதா இருந்தா தடையே போட்டுக்குங்க. தடைன்னா நாளைக்கு நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. மன்னிப்புன்னு எழுதிட்டா நான் தப்புப் பண்ணவள்னே ஆயிப்போகுமுங்க.”

அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னைத்தான் வந்தடைந்தது. பாதி உண்மையைச் சொல்லி நான் நல்ல பெயரோடு எழுந்து போகவும், அவர் மன்னிக்கப்பட்டவராக எழுந்து போகவும் இன்னும் ஒரு கையெழுத்தே பாக்கி.

பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி நல்லமுத்துவிடம் கொடுத்தேன். “சத்தமாகப் படியுங்கள்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டுவது போல் மெல்லப் படித்தார். தந்தையின் பெயரைப் படிக்கும்போதே குரல் மாறியது. “கம்பி நீளம் போதவில்லை” என்ற இடத்தில் நின்றார். “அடுத்த முறை” என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். படித்து முடித்துக் குறிப்பேட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப தெரிஞ்சேதான் உட்டுட்டீங்களா சார்?”

“ஆமாம்.”

“எங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. ‘இது இன்னும் முடியலை, பூசை கழிச்சுக் கொண்டா’ன்னு. அந்த மனுசன் பூசைக்கு மக்யா நாளே சுமந்துட்டு வந்திருப்பாருங்க.”

“சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில்தான் ஸ்பிரிங் உயிர் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.”

எவரும் சிரிக்கவில்லை. ராசிபுரத்துக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேலு எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தீர்மானம் ஒண்ணும் இல்லைங்க” என்றார்.

பழுதை அங்கேயே நீக்க வேண்டும் என்று நல்லமுத்து கேட்டார். காயிலின் மேல்தாளைக் கீறி ஒரு சுற்றைப் பிரிப்பது இப்போது என் கண்களுக்கும் விரல்களுக்கும் ஆகாத வேலை. “சுகந்தி செய்யட்டும்” என்றேன். அவர் தன் பையிலிருந்து கருவிகளை எடுத்தார். நான் உருப்பெருக்கியையும் விளக்கையும் பிடித்தேன். தகடு தட்டுபவர்களைத் தங்கவேலு கை காட்டி நிறுத்தினார்.

“சார், இந்த முடிச்சை அறுக்கோணுமுங்க” என்றார் சுகந்தி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு.

“அறுங்கள்.”

ஒரு சுற்றைப் பிரித்து, முனையைக் காயிலின் உடலிலேயே ஒரு மெல்லிய பின்னல் கம்பியோடு பற்றவைத்து ஒட்டி, அந்தக் கம்பியை ஒரு நல்ல வளையமாக விட்டுச் சாக்கெட்டுக்குக் கொண்டுசென்றார். சட்டத்தை விரலால் தள்ளினார். அது ஆடியது, கம்பியும் அதோடு ஆடியது. டேங்க்கை இணைத்தபின், கேபிள்களை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டார்.

வால்வுகள் சூடேறும் அரை நிமிடம் நீண்டதாக இருந்தது. நல்லமுத்து மைக்கை வாங்கி “அலோ” என்றார். தகரக்கூரைப் பட்டறைக்குள் அந்தச் சொல் ஒரு கல்மண்டபத்தைக் கட்டி எழுப்பியது போல் நின்று, இழைந்து, தேய்ந்தது. என் காலத்தில்கூட அந்தப் பெட்டி அப்படிப் பாடி நான் கேட்டதில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

நல்லமுத்து மைக்கை வைத்துவிட்டுச் சுகந்தியிடம் சொன்னார்: “அம்மிணி, பங்குனி நோம்பிக்கு முன்னாடி என்ற ஆம்ப்ளிஃபயரு ரெண்டையும் கொண்டாந்து உடறேன். பாத்து வையி.” மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது. சுகந்தி சற்று யோசித்து, “கொண்டாங்க. இந்த வாட்டி உள்ளார பொட்டு வெச்சிருந்தா மொதல்லயே சொல்லிப்போடுங்க” என்றார். பட்டறையே சிரித்தது.

என்னிடம் நல்லமுத்து எப்போதும் “போயிட்டு வாரனுங்க சார்” என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். அன்று குறிப்பேட்டை என் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றார்.

6. அதன்பின்

அடுத்த வாரத்தில் உறுப்பினர்கள் சிலர், நான் முன்பு சர்வீஸ் செய்த கருவிகளைச் சுகந்தியிடம் கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் சொன்னதாகத் தங்கவேலு தெரிவித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்றார். எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

நான் குறிப்பேடுகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். “அடுத்த முறை” என்று எழுதிய இடங்களில் சிவப்பு மையால் குறியிட்டேன். நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தன. பலவற்றின் உரிமையாளர்கள் இப்போது இல்லை. பல கருவிகளும் இல்லை. இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து வருகிறேன். திருச்செங்கோட்டில் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க, இத்தன வருசம் கழிச்சுக் கூப்பிட்டு, உங்க பெட்டியில ஒரு தப்பு உட்டிருக்கேன்னு சொல்றீங்களே, ஒடம்பு கிடம்பு நல்லாத்தானுங்க இருக்குது?” ஆத்தூர்ப் பக்கம் ஒருவர் முழுதும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். இன்னொருவரின் மகன், அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஓடுகிறது என்றார். அதற்கு இனி ஸ்விட்ச் போட வேண்டாம் என்று சொல்லி, சுகந்தியின் கடைக்கு வழி சொன்னேன்.

இளம் தொழில்நுட்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. நம் கையில் எல்லா வேலையும் முடிவதில்லை. நாள் நெருக்கும், கம்பி போதாது, பொருள் கிடைக்காது. அது இழிவன்று. ஆனால் முடியாமல் விட்டதைக் குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, உரிமையாளரிடம் வேறு ஏதேனும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பாதீர்கள். அவர் நம் நல்ல வார்த்தையை நம்பி நடப்பார். நம்மை அடுத்துத் திறப்பவர் நம் முடிச்சை நம்பி அதைத் தொடாமல் விடுவார். கருவியை அவர் கையில் கொடுக்கும்போதே, “இந்த இடம் இன்னும் முடியவில்லை” என்று அவர் எதிரில் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளும் பதினைந்து பேர் கூடிய ஒரு கூட்டமும் தேவைப்பட்டன.